மோதிரம் போட்ட படம்

தினேஸ்வரன்: …அதான் சொல்றேன் வசு, உன் கல்யாணத்துக்கு இந்த ரிஃப்ளெக்ஸ் கேமராவத்தான் தூக்கிட்டு வரப்போறேன். புடிச்சுப் பாரு.

வசுமதி: அம்மாடி! என்னாண்ணே இது, ஒரு கூடை கொழுந்து கனம் கனக்குது.

தினேஸ்வரன்: உள்ள கண்ணாடி இருக்குல்ல. அதான்.

வசுமதி: கேமராவ அப்பறம் பாத்துக்கலாம். நிச்சயதார்த்தப் படம் எங்க? அம்மா கையோட வாங்கிட்டு வரச் சொன்னாங்க.

தினேஸ்வரன்: மொதல்ல இதக் கேளு…

வசுமதி: நாளைக்குக் காலையில கல்யாண கார்டு அடிக்கக் குடுக்கறாங்க. மாப்பிள்ள மோதிரம் போடற படம் முன்பக்கத்துல வரணும்னு விஜயனோட அம்மா ஒத்தக்கால்ல நிக்கறாங்க.

தினேஸ்வரன்: ஈப்போவுல ஃபிலிம் கழுவற லேப் லீவு…

வசுமதி: மூணு வாரமாவா?

தினேஸ்வரன்: ஃபிலிம்னா அப்படித்தான் லா. தேத்தண்ணி குடிக்கறியா?

வசுமதி: காலையிலேர்ந்து தேயில ஃபேக்டரியில தேத்தண்ணி ருசி பாத்துட்டுத்தான் வரேன். நாப்பது கப்.

தினேஸ்வரன்: நாப்பதா! வயிறு என்னாத்துக்கு ஆகும்?

வசுமதி: முழுங்க மாட்டோம், துப்பிருவோம். படம்…?

தினேஸ்வரன்: இரு, இரு. ரெண்டு கேமராவையும் ஒரு தடவ கண்ணுல வெச்சுப் பாரு. இது அன்னிக்கு உன் நிச்சயத்துக்குக் கொண்டாந்தது. ரேஞ்ச்ஃபைண்டர்.

வசுமதி: சின்னதா அழகா இருக்கு.

தினேஸ்வரன்: மேல ஓரமா ஒரு ஜன்னல் இருக்கா? அது வழியாத்தான் பாக்கணும். நடுவுல எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியும். வளையத்தத் திருப்பு… சேந்துச்சா?

வசுமதி: சேந்துருச்சு. எதிர்க்கடை போர்டு பளிச்சுனு தெரியுது.

தினேஸ்வரன்: அதான் ஃபோகஸ். இப்ப கனமானதப் பாரு. இதுல ஜன்னல் கிடையாது. லென்ஸ் என்னா பாக்குதோ, அதையே கண்ணாடி நம்ம கண்ணுக்கு அனுப்பிரும்.

வசுமதி: அப்ப அந்தச் சின்னதுல நீங்க பாக்கறது ஒண்ணு, லென்ஸ் பாக்கறது வேறயா?

தினேஸ்வரன்: …ஆமா.

வசுமதி: லென்ஸ் முன்னால என்னா இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது?

தினேஸ்வரன்: கேள்வி கேக்கறதுக்குன்னே வந்தியா நீ?

வசுமதி: எனக்கு இதான் புடிச்சிருக்கு. கல்யாணத்துக்கும் இதையே கொண்டாங்க.

தினேஸ்வரன்: வேணாம்.

வசுமதி: சத்தமும் இல்ல. அந்தப் பெருச அமுக்குனா தகரத்துல கல்லு விழுந்த மாதிரி இருக்கு. ஐயரு மந்திரத்த மறந்துருவாரு.

தினேஸ்வரன்: மறந்தா மறக்கட்டும். வேணாம்னா வேணாம்.

வசுமதி: போன மாசம் வரைக்கும் இதுக்கு கோயில் கட்டாத கொறதான். "யாரும் போன்ல எடுக்காதீங்க, ஃபிலிம்தான் காலத்துக்கும் நிக்கும்"னு சொல்லி, வந்தவங்க போனையெல்லாம் ஒரு தாம்பாளத்துல வாங்கி வெச்சீங்களே…

தினேஸ்வரன்: அத ஞாபகப்படுத்தாத.

வசுமதி: என்னாச்சுண்ணே? லேப்ல என்னாதான் சொல்றாங்க?

தினேஸ்வரன்: லேப்புக்கு அனுப்பவே இல்ல. போன வாரமே வீட்டுல நானே கழுவிட்டேன்.

வசுமதி: அப்ப குடுங்க.

தினேஸ்வரன்: வரிசைத் தட்டு வந்திருக்கு. லட்டு வந்திருக்கு. உங்க மாமா கொட்டாவி விடறது அருமையா வந்திருக்கு…

வசுமதி: மோதிரம்?

தினேஸ்வரன்: வரல. பதினோரு படத்துக்கு அப்பறம் ஒண்ணுமே இல்ல. ரிங்லெட் கோயில் வாசல்ல தூறல் போட்டுச்சுல்ல? நனையக்கூடாதேன்னு லென்ஸுக்கு மூடியப் போட்டேன். மண்டபத்துக்குள்ள வந்து கழட்ட மறந்துட்டேன். ஜன்னல்ல எல்லாம் பளிச்சுனு தெரியுது… நான் பாட்டுக்கு அமுக்கிக்கிட்டே இருந்தேன். இருவத்தஞ்சு படம்!

வசுமதி: ஓ.

தினேஸ்வரன்: ரிஃப்ளெக்ஸா இருந்திருந்தா கண்ண வெச்ச ஒடனே இருட்டாத் தெரிஞ்சிருக்கும்… என்னா, வெறும் ஓதானா? திட்டு லா!

வசுமதி: திட்டி என்னா ஆகப்போகுது?

தினேஸ்வரன்: பன்னெண்டு வருசமா படம் எடுக்கறேன். இது வெளிய தெரிஞ்சா தானா ராத்தா ஊருல ஒரு நாய்கூட என்னக் கூப்பிடாது.

வசுமதி: நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.

தினேஸ்வரன்: ஒரு வழி இருக்கு. இப்பவே விஜயனுக்குப் போன் போடு. அதே புடவ, அதே மோதிரம். இன்னொரு தடவ போடச் சொல்லுவோம். நான் ஒடனே கழுவி…

வசுமதி: வேணாம்ணே.

தினேஸ்வரன்: பத்தே நிமிசம் லா.

வசுமதி: இன்னொரு தடவ என்னால கைய நீட்ட முடியாது.

தினேஸ்வரன்: ஏன், கையில என்னா?

வசுமதி: கையில ஒண்ணும் இல்ல. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்.

தினேஸ்வரன்: என்னாடி சொல்ற…

வசுமதி: தாலி கட்டுன மறுநாளே ஃபேக்டரி வேலைய விட்டுறணுமாம். கியா பார்ம்ல அவங்க ஸ்ட்ராபெரி கடையில போயி உக்காரணுமாம். அத விஜயன் எப்ப சொன்னாரு தெரியுமா? மோதிரம் போடறதுக்கு அஞ்சு நிமிசம் முன்னால. எரநூறு பேரு எதிர்ல உக்காந்திருக்காங்க. நான் என்னாத்த சொல்ல?

தினேஸ்வரன்: அம்மாவுக்குத் தெரியுமா?

வசுமதி: இன்னிக்கு சொல்லப்போறேன். கார்டு அடிச்சிட்டா அப்பறம் யாரும் காது குடுத்துக் கேக்க மாட்டாங்க. பயமாத்தான் இருக்கு. ஆனா சொல்லிருவேன்.

தினேஸ்வரன்: எனக்குத் தல சுத்துது வசு. மோதிரம் போடறப்ப நீ என்னயப் பாத்து அப்படி சிரிச்சியே! இருக்கற பல்லெல்லாம் தெரிய… இவ்ளோ சந்தோசமா ஒரு பொண்ண நான் எடுத்ததே இல்லன்னு நெனச்சுக்கிட்டேதான் அமுக்குனேன்.

வசுமதி: ஒங்களப் பாத்து சிரிக்கலண்ணே. லென்ஸுல மூடி இருந்துச்சு… அதப் பாத்துத்தான் சிரிச்சேன்.