நெவில் ஒதுங்கிய இடம்

மேடையில் வீற்றிருக்கும் மேயர் அவர்களே, பாதிரியார் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நெவிலின் துணைவியார் பெரில் அம்மையார் அவர்களே, எங்கிருந்தெல்லாமோ லாரிகளோடு வந்து இந்த ஊரின் ஒரே தெருவை அடைத்திருக்கும் ஓட்டுநர் நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் மெர்வ் கில்ஃபாயிலின் வணக்கம்.

இவனை யார் பேசக் கூப்பிட்டது என்று பின்வரிசையில் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நியாயம்தான்! யாருக்கும் வழி விடாதவன் என்று பெயர் எடுத்தவன் நான். "நீதான் பேசணும், வேற எவனும் வேணாம்" என்று பெரில் பிடிவாதம் பிடித்தார். அதனால் நிற்கிறேன்.

நாற்பத்தொரு ஆண்டுகள் மூன்று பெட்டி கோத்த லாரி ஓட்டியவர் நம் சாலைச் செம்மல் நெவில் ப்ராத்தர்! நம் சாலை என்ன பெரிய சாலையா? நடுவில் ஒரு வண்டி அகலத்துக்குத் தார், இரண்டு பக்கமும் கருப்பு மண். சின்ன வண்டிதான் மண்ணில் இறங்க வேண்டும், லாரி இறங்காது. அதுதான் இங்கே வழக்கம். ஆனால் எதிரே ஓர் ஓட்டைக் கார் வந்தாலும் நெவில் ஆள் நடக்கிற வேகத்துக்குக் குறைப்பார். கல் தெறித்து அவர்கள் கண்ணாடி உடைந்துவிடக் கூடாதாம். அவரால் நஷ்டப்பட்டவர் ஒருவர்தான், கார்க் கண்ணாடி மாற்றும் கடைக்காரர். அதோ, சிரிக்கிறார் பாருங்கள்!

"யோவ் நெவ், லாரி ஓட்டுறியா, கல்யாண ஊர்வலம் விடுறியா? இப்படி ஓட்டி என்னத்தக் கண்ட?" என்று மதுக்கடையில் எல்லோர் எதிரிலும் கேட்பேன்.

"உன்னை விட அரை மணி நேரம் லேட்டா வர்றேன். அந்த அரை மணி நேரம் உன் பேச்சக் கேக்க வேண்டியதில்லயே!" என்பார்.

நான் ஓட்டுகிற லட்சணத்துக்கு, வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோவில் ஆளாளுக்குத் திட்டினீர்கள். நான் திருந்தினேனா? லாரியிலும் சொந்த வண்டியிலும் ரேடியோவைக் கழற்றிப் போட்டேன்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, குதிரைப் பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால், என் தம்பி டக்கைப் பாம்பு கடித்தது. காலில் இறுக்கிக் கட்டி, என் வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஆஸ்பத்திரி எண்பது கிலோமீட்டர். செல்போன் எடுக்காது. பாதி வழியில் முன்னே இரண்டு லாரிகள்! முதலில் பெர்னி, அவனுக்குப் பின்னால் நெவில். முந்தின நாள் மழையில் கருப்பு மண் களியாகிக் கிடந்தது. நான் இறங்கியிருந்தால் தம்பியோடு அங்கேயே புதைந்திருப்பேன். கூப்பிட்டுச் சொல்ல ரேடியோ இல்லை.

"அண்ணே, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது" என்றான் டக். நாக்குக் குழறியது.

லாரி இறங்குமா? இத்தனை டன் பாரத்தோடு அந்தக் களியில் எந்தப் பைத்தியக்காரன் இறங்குவான்? நெவில் இறங்கினார்! மூன்று பெட்டியையும் தாரை விட்டு முழுசாக இறக்கினார். ரேடியோவில் பெர்னியிடமும் சொன்னார். என்ன சொன்னார் என்று பெர்னியே பிறகு எனக்குச் சொன்னான்.

"பெர்னி, மெர்வ் வர்றான், ஒதுங்கு."

"அவனுக்கா? இந்தச் சேத்துலயா? போய்யா!"

"நான் இறங்கிட்டேன்டா. நீயும் இறங்கு. அப்புறமா என்னத் திட்டிக்க."

நெவில் சொன்னால் பெர்னி தட்டுவானா? அவனும் இறங்கினான். நான் பறந்தேன். டக் பிழைத்தான். தம்பி, எழுந்து நில், எல்லோரும் உன்னைப் பார்க்கட்டும்!

இரண்டு லாரிகளும் இரண்டு நாள் சேற்றில் கிடந்தன. நெவிலின் லாரியில் இருந்தது பந்தயத்துக்கான பீர். அந்தச் சனிக்கிழமை இந்த ஊரே பச்சைத் தண்ணீர் குடித்துக் குதிரை பார்த்தது. நெவிலை ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைத்தான் சொன்னீர்கள்!

டிராக்டரோடு நான் போய் இழுத்தபோது கேட்டேன். "நான்னு தெரிஞ்சேவா இறங்கின? உனக்கு ஒரு நாளாவது நான் வழி விட்டிருக்கேனா?"

"நீன்னு தெரியும். எப்பவும் ஹார்ன் அடிச்சுக் காதக் கிழிப்ப. அன்னிக்கு அடிக்கவே இல்ல. லைட்ட மட்டும் போட்டுப் போட்டு அணைச்ச. கெஞ்சுற மாதிரி இருந்துச்சுடா" என்றார்.

அன்று வரை, பின்னால் வருகிறவனை நான் ஒரு தடவையாவது அப்படிக் கவனித்திருக்கிறேனா? இல்லை. நெவில் நாற்பத்தொரு வருடம் எல்லோரையும் கவனித்தார். அதனால்தான் என்னையும் கண்டுகொண்டார். என்னத்தைக் கண்டாய் என்று அவரைக் கேட்டேனே, என் தம்பியைக் கண்டார்!

பெரில் அம்மையாரே, நெவிலின் பாதையில் இனி நான் லாரி ஓட்டுகிறேன். திங்கட்கிழமை காலை புறப்படுகிறேன். நண்பர்களே, என் பின்னால் வாருங்கள். யார், என்ன அவசரம் என்று கேட்க மாட்டேன். அவசரமே இல்லையென்றாலும் ஒதுங்குவேன். சேற்றில் மாட்டிக்கொண்டால் மட்டும், நெவிலை நினைத்து, என்னையும் கொஞ்சம் வந்து இழுத்துவிடுங்கள்.