நீர் இறங்கிய கோயில்

— செவுத்துல மாட்டியிருக்கற இந்தக் கோயில் போட்டோவுல நந்தியே இல்லீங்களே தம்பி. அதுக்கு மூக்கு ஒடைஞ்சிருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அது வந்து... நேர்ல பாத்திருக்கேன் அங்கிள். போன மே மாசம் இந்தியா போயிருந்தப்போ. அணையில தண்ணி சுத்தமா இறங்கிடுச்சு. கோயில் வெளிய தெரிஞ்சுது.

— ஏனுங்க, முகிலன் நம்ம கயலைப் பொண்ணு கேட்டு வந்திருக்குது. பிஸ்கட்டவே டவுன்ல இருந்து இந்த ஸ்னோவுல டிரைவ் பண்ணி வந்த புள்ளய, போலீஸ்காரனாட்ட நிக்க வெச்சுக் கேக்கறீங்க. காப்பி ஆறிப் போச்சு.

— நீ சும்மா இரு நாகரத்தினம். குடுக்கறதுக்கு முந்தி கேக்காம பொறகா கேக்கறது? தம்பி, அது எங்க கூட்டத்துக் குலதெய்வக் கோயில். ஆயிரம் வருசத்துக் கட்டடம். அணை கட்டறப்ப எங்கய்யன் சாமியை மட்டும் எடுத்து மேட்டுல வெச்சாரு. மிச்சமெல்லாம் தண்ணிக்குள்ள போயிருச்சு. உங்களுக்கு அங்க என்ன வேலை?

— பழைய கோயில்னா ஒரு இன்ட்ரஸ்ட், அவ்ளோதான்.

— சரி, என்னென்ன மிச்சமிருக்குதுங்க?

— முன்மண்டபத்துல தூண் எல்லாம் நிக்குது, ரெண்டு மட்டும் சாஞ்சிருக்கு. கல்வெட்டு மேல ஒரே சேறு. படிக்க முடியல.

— உள்ள?

— கருவறைக்குக் கூரை இல்ல. பின்பக்கச் சுவர்ல ஒரு மாடக்குழி. அதுல விளக்குக் கரி அப்படியே ஒட்டிட்டிருக்கு. ஐம்பது வருஷம் தண்ணிக்குள்ள கிடந்தும் போகல, அங்கிள்!

— கேட்டியா நாகரத்தினம்?

— எதைங்க?

— மாடக்குழியை! அது கருவறைக்குள்ள போனாத்தான் கண்ணுல படும். எங்க கூட்டத்தாளுகளைத் தவிர ஒருத்தரும் அந்தப் படியை மிதிக்கக் கூடாது. தண்ணி இறங்குச்சுன்னா பூசாரி அங்கயே பந்தல் போட்டு உக்காந்துக்குவான், எந்தக் கூட்டம்னு கேக்காம விடமாட்டான். இவரு வேற கூட்டம்னு நம்மகிட்டச் சொன்னது பொய். இவரும் நம்ம கூட்டந்தான், நமக்குப் பங்காளி. கயலுக்கு அண்ணன் முறை!

— ஐயோ, சாமி!

— இல்ல ஆன்ட்டி. அங்கிள், ப்ராமிஸா நாங்க வேற கூட்டம்தான். வேணும்னா எங்கப்பாவுக்கு இப்பவே போன் பண்ணிக் கேளுங்க.

— அப்படின்னா பூசாரிகிட்டப் பொய் சொல்லியிருக்கீங்க. ரெண்டுல ஒண்ணு பொய்தானுங்களே? என் சாமிகிட்டயே பொய் சொன்னவனுக்கு என் பொண்ணு இல்லை.

— பூசாரிகிட்டயும் நிஜத்தைத்தான் சொன்னேன்.

— இருங்க, இருங்க. போன மே மாசமா? கயலும் அப்பத்தானே கோயமுத்தூர்ல எங்கக்கா வீட்டுல இருந்தா?

— நீ வேற குறுக்க பேசாத! வேற கூட்டத்தானைப் பூசாரி எதுக்கு உள்ள விட்டான்? அதுக்குப் பதில் சொல்லுங்க.

— கயல் உங்க பேரைச் சொன்னா. தாலி கட்டின கையோட வந்திருக்கற மாப்பிள்ளையை வெளியவா நிறுத்தறதுன்னு, அவரேதான் கூட்டிட்டுப் போனாரு... மாமா.