நடு நூலு விறைப்பா நிக்கணும்

ஜன்னல் கம்பில கட்டாத, கட்டில் கால்ல கட்டாத, ஃப்ரிட்ஜ் கைப்பிடில கட்டாத... அப்ப எங்கதான் கட்றது, நீயே சொல்லு கண்ணு! ஏதோ நான் எருமமாட்டக் கட்டிவுட்ட மாதிரி கத்துறாரு எங்க ஊட்டுக்காரரு. கட்டினது இன்னா? நூலு. இதோ, இந்த மெழுகு நூலு. இதுக்குப் போய் காலங்காத்தால ஊட்ட ரெண்டாக்கிட்டாரு.

கொஞ்சம் நவுரு. ஆவடில ஏறுனா லேடீஸ் பெட்டில உக்கார எடம் கெடைக்கும்னு பேருதான், பாரு கூட்டத்த! நீ அந்தப் பைய மடில வெச்சிக்கோ. ஆங்... அப்டித்தான். ஆடாத. காதுல மாட்டிக்கினு கீறத எடுத்துடு, நான் பேசுறது கேக்காது.

இது இன்னான்னு பாக்கிறியா? மேக்ரமே. பூந்தொட்டி தொங்கவுட கயிறு பின்னுவாங்க இல்ல, அதே முடிச்சுதான். மெலிசு நூல்ல போட்டு நடுவுல மணி கோர்த்தா நகை. போன்ல பாத்து நானே கத்துக்கினேன். எங்க குவார்ட்டர்ஸ்ல பாதி பேரு கையில நான் போட்ட பிரேஸ்லெட்தான். வேணாம்னு ஓடுனவங்களக் கூட வுடல.

இத்தப் பாரு. நடு நூலு ரெண்டும் சும்மா நிக்கும். ஓரத்து நூலு ரெண்டும் அத்த சுத்திச் சுத்தி வந்து வேல செய்யும். எங்க ஊட்டுக்காரரு நடு நூலு, நான் ஓரத்து நூலுன்னு வெச்சிக்கோயேன். ஆனா நடு நூலு விறைப்பா நிக்கணும். அதுக்கு அதோட தலைய எங்கனா கட்டியே ஆவணும். இல்லன்னா முடிச்சு தொளதொளன்னு பூடும். இதுல என் தப்பு இன்னா கீது?

போன வாரம் இன்னா ஆச்சு... அவரோட ஐடி கார்டு ஆணில தொங்குச்சு. வாரு நல்ல கெட்டி. ரெண்டு முடிச்சு போட்டு, மணி கோர்த்துப் பாத்துட்டு அவுத்துடலாம்னுதான் அதுல கட்டினேன். குக்கரு கத்துச்சு, உள்ள போனேன். மனுசன் குனிஞ்சு கூடப் பாக்காம கழுத்துல மாட்டிக்கினு கெளம்பிட்டாரு! ஃபேக்டரி கேட்ல நிக்கிறவரு, "இன்னா ஜானகிராமன் சார், மணியெல்லாம் கட்டிக்கினு வந்துகீறீங்க, சலங்க பையில கீதா?"ன்னு கேட்டாராம். அன்னிலேர்ந்து இவருக்கு சலங்க சார்னே பேரு. சிரிக்காத, பாவம்... சரி சிரி, நானும் சிரிச்சேன்.

அதுக்குக் கோவம்! என் கத்திரிக்கோல ஒளிச்சி வெச்சிட்டாரு. இனிமே எதுலயும் கட்டமாட்டேன்னு சத்தியம் பண்ணுன்னாரு. பண்ணேன். நம்ப ஊட்டுப் பொருள்லதான கட்டமாட்டேன்னேன்!

நீ எங்க எறங்கணும்? பட்டரவாக்கமா? இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல வேலையா? தோ... இன்னும் நேரம் கீது.

நான் வில்லிவாக்கம். நாத்தனார் வித்யா பொண்ணு எழிலரசிக்கு இன்னிக்கு நிச்சயதார்த்தம். இந்த வித்யா கீறாளே, போன மாசம் நாலு பேரு எதுர்ல, "அண்ணி இன்னும் பாவாட நாடாதான் பின்னிக்கினு கீறாங்களா?"ன்னு கேட்டுட்டா. நாடாவாம்! எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. "உன் பொண்ணு நிச்சயத்துல அவ கழுத்துல என் மாலதாண்டி ஏறும்"னு வாய வுட்டுட்டேன். அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, "செஞ்சி எடுத்துக்கினு வாங்க, போட்டுக்கிறேன்"னுச்சு. ஊட்ல கட்ட வுட்டாத்தான செய்றதுக்கு? இப்பப் பாரு, வெரல் அகலம் பாக்கி கீது. முடிக்காம போனேன்னு வெச்சிக்கோ, சாவற வரைக்கும் நாடா அண்ணிதான் நானு.

திருமுல்லைவாயிலு போச்சு. கூட்டம் பாரு... அம்பத்தூரும் போச்சா? இந்தப் பச்ச மணி நல்லா கீதா, நீலம் நல்லா கீதா? இன்னா நெளியற? பட்டரவாக்கமா! அதுக்குள்ளயா! இரு இரு இரு, எழுந்துக்காத! இழுக்காத கண்ணு, இழுத்தா இறுகிக்கும்!

இன்னா அப்டி பாக்கற? ஆமா... உன் பை வார்லதான் கட்டிக்கீறேன். எப்பன்னா? நவுருன்னு சொன்னேன் பாரு, அப்ப. கேக்கலாம்னுதான் பாத்தேன், நீ காதுல அத்த மாட்டிக்கினு இருந்தியே!

கொரட்டூர்ல எறங்கித் திரும்பி வந்துக்கோயேன். இல்ல, வில்லிவாக்கத்துக்கே வந்துடு, நிச்சயத்துல சாப்ட்டே போலாம். வடையெல்லாம் போடுறாங்க. ஏய்... கொக்கிய இன்னா பண்ற? ரெண்டு பக்கமும் கழலுதா? ஐயோ கண்ணு, வார வுட்டுட்டுப் போறியே! சாயங்காலம் இதே... கண்ணூ!

பூட்டா.

பாத்தீங்களாக்கா, பேசிக்கினு இருக்கும்போதே எறங்கி ஓடுது! இப்ப வாரு என் கையில கீது, வார மாட்ட எடம் இல்ல. உங்க பூக்கூடைய கொஞ்சம் இப்டி... அட, கூடைய ஏன் ஒளிக்கிறீங்க? நான் இன்னா கடிச்சா தின்னுடுவேன்? எழுந்தே பூட்டீங்களா. போங்க, போங்க.

எனக்குன்னு எதுவும் இல்லியா இன்னா? தோ கீதே கொலுசு! என் காலு, என் கொலுசு. யாரு வந்து கேப்பா? வாரு கொக்கி இதுல சோக்கா மாட்டுது பாருங்க. கால நீட்டினா... ஆஹா! இன்னா விறைப்பு! இத்த மொதல்லயே செஞ்சிருந்தா அந்தப் பொண்ணு வாராவது தப்பிச்சிருக்கும், அந்த மனுசனுக்கும் பேரு கெட்டிருக்காது.

கொரட்டூரு. போடு... சுத்து... இழு. கடைசி மணி. முடிஞ்சிடுச்சி! வித்யா, வர்றேண்டி!

வில்லிவாக்கமா? வழி வுடுங்க, வழி வுடுங்க... ஐயோ, இந்தக் கொக்கி வரமாட்டேங்குதே! கொலுசு வளையத்துலயே மாட்டிக்கிச்சே! மிதிக்காதீங்கம்மா, அது மால... ஒத்தக் கால்ல எறங்கறேன், புடிச்சிக்கோங்க...

இன்னாது? சலங்கையா? யாருடி அவ, சலங்கன்னது!