தினமும் வந்த கலையரசி

இல்ல மேடம், அந்தப் பேரை அடிக்காதீங்க. குழந்தைப் பாதுகாப்பு ஆபீஸ்லேருந்து நீங்க பண்ற ஆராய்ச்சியில ஒண்ணும் தப்பில்ல. திண்டிவனம் பஸ்ஸு நாலரைக்குத்தான், உக்காருங்க, சொல்றேன்.

இங்க கார்த்திகை பொறந்தா பாதிப் பேரு கரும்பு வெட்டப் போயிடுவாங்க, புள்ளைங்களயும் இட்டுக்கினு. வெட்டு முடிஞ்சா வந்துடுவாங்க. அதுவரைக்கும் டீச்சருங்க நாங்க அட்டெண்டன்ஸ் ஆப்புல பிரசன்ட் போட்டுக்கினு இருப்போம். ஆப்சென்ட் போட்டா பதினஞ்சு நாள்ல பள்ளிக்கூடம் வராத புள்ளைன்னு உங்க லிஸ்ட்டுல ஏறிடும், விழுப்புரத்துலேருந்து ஆளு வரும், ஏன் எதுக்குன்னு எழுதிக் குடுக்கணும். பேஜாரு. எப்படியும் திரும்பி வர்ற புள்ளைங்கதானேன்னு ஒரு இது.

ஆமா மேடம், லிஸ்ட்டு புள்ளைங்களுக்காகத்தான். எனக்குத் தெரியாதா என்ன?

கலையரசி அப்போ எட்டாவது, என் கிளாஸு. துரைக்கண்ணுன்னு ஒரு கரும்பு வெட்டறவரு, அவரு பொண்ணு. கணக்குல கெட்டி. வருஷா வருஷம் போவா, வருவா. போன கார்த்திகையும் அவளைக் காணோம், கரும்புக்குத்தான்னு நெனச்சேன். ஆனா கல்யாணத்துக்குன்னு வீட்டுலயே நிறுத்தி வெச்சு, தையில கிளியனூர்ல கட்டிக் குடுத்துட்டாங்க. பதினாலு வயசு மேடம். மாசியில அவ கூட்டாளிப் பொண்ணு அருணா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அப்பவாவது சொல்லியிருக்கலாம்தான். நீங்க கேக்கறது நியாயம். மூணு மாசம் பிரசன்ட் போட்டவளுக்குத் திடீர்னு எப்படி ஆப்சென்ட் போடறது? வேலைக்கே வேட்டு வெச்சிடுவாங்களேன்னு பயம். ஒம்பதாவதுக்கும் நாந்தான் கிளாஸ் டீச்சர். அப்படியே ஏத்திவுட்டு, தெனமும் போட்டுக்கினே வந்தேன்.

நான் ஒழுங்கா போட்டிருந்தா, கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே உங்க ஆளுங்க அவ வீட்டு வாசல்ல நின்னிருப்பாங்க. நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது. என்னை நானே செருப்பால அடிச்சிக்கலாம்போல இருக்குது.

ஆஸ்பத்திரி லிஸ்ட்டுல அந்தப் பேருக்குப் பிரசவம், எங்க லிஸ்ட்டுல அதே நாள்ல பிரசன்ட், அதனால வேற வேற புள்ளைங்கன்னுதானே அடிக்கப் பாத்தீங்க? ஒரே புள்ளதான் மேடம். அன்னிக்குக் காலையில ஆப்புல அவளுக்குப் பிரசன்ட் போட்டேன். சாயந்திரம் ஆர்லிக்ஸ் பாட்டில் ஒண்ணு வாங்கிக்கினு போயி, அவளயும் கொழந்தயயும் பாத்துட்டு வந்தேன்.