மச்சானுக்குக் கொடுத்த சோபா

சோபா வாங்கும்போது நீங்கள் உட்கார்ந்து பார்ப்பீர்கள் ஐயா. நாங்கள் கொளுத்திப் பார்ப்போம். அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் சோதனைக் கூடத்தில், கவிழ்த்துப் போட்ட அண்டா மாதிரி ஒரு புகைக்கூண்டு தொங்குகிறது. அதற்கடியில் சோபாவை வைத்துத் தீ மூட்டுவோம். மேலே போகிற புகையில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால், சோபா எவ்வளவு சூட்டைக் கக்கியது என்று சொல்லிவிடலாம். என் மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, இதைப் பொறுமையாக விளக்கியிருக்கிறேன்.

"அத்தான், ஊர் உலகத்துல சம்பாதிச்சு சோபா வாங்குறாங்க. நீங்க சோபாவ எரிச்சு சம்பாதிக்கிறீங்க," என்பான். நாலு சொந்தக்காரர்கள் கூடிவிட்டால் இதைச் சொல்லாமல் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. என் மனைவி சிரித்தே புரையேறிப் போவாள். நானும் சிரிப்பேன். எனக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

போன மாதம் ஒரு கம்பெனியிலிருந்து நீல சோபா வந்தது. எப்போதும் ஒரே மாதிரி இரண்டு அனுப்புவார்கள். முதல் சோதனை சொதப்பினால் கைகாவலுக்கு இன்னொன்று. முதல் சோபா சொதப்பவில்லை. மூன்று நிமிடத்துக்குள் தீ கூண்டைத் தொட்டுவிட்டது. என் சர்வீசில் அப்படி ஒரு தீயைப் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மிஞ்சிய சோபாவை உடைத்துப் போட வேண்டும் என்பது விதி. புத்தம் புதுசு, மனசு வரவில்லை. மச்சான் அப்போதுதான் தனி வீட்டுக்குக் குடிபோயிருந்தான். கொண்டுபோய் அவன் கூடத்தில் இறக்கினேன். "அத்தான்னா அத்தான்தான்," என்று என்னைக் கட்டிக்கொண்டான்.

மதியம் சாப்பிட்டதும் அவன் ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பான். பாதி சிகரெட்டிலேயே குறட்டை வந்துவிடும். அந்தப் பழக்கத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். அதற்கு முந்தைய ஞாயிறுகளிலும் போனேன். ஒன்றும் நடக்கவில்லை, திரும்பிவிட்டேன். இந்தத் தடவை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது சோபாவின் ஓரம் கருகிக்கொண்டிருந்தது. அவன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் திடுக்கிட்டு எழுந்து விழுந்து வைப்பான் என்று கூப்பிடவில்லை.

அவனே எழுந்தான். அதற்குள் தீ முதுகுப்பக்கம் ஏறிவிட்டது. ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்த நிம்மதியை என்னால் மறக்க முடியவில்லை. கதவுக்கு ஓடினான். "அத்தான், கதவத் திறங்க அத்தான்," என்று இடித்தான்.

நீங்களே சொல்லுங்கள். சூடு ஏறிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்தால் காற்று புகுந்து அளவு மொத்தமும் கெட்டுப்போகும். எங்கள் சோதனைக் கூடத்தைப் பெருக்குகிற அம்மாவுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. அதனால்தான் அவன் தூங்கும்போதே வெளித் தாழ்ப்பாளைப் போட்டு வைத்திருந்தேன்.