ஹால் நிறையாத பாட்டு நாடகம்

எனக்கு முன்னாடி பேசின நண்பர், "ஜனங்க ரசனை கெட்டுப்போச்சு, உயிரைக் கொடுத்துப் புது நாடகம் போட்டாலும் டிக்கெட் வாங்க ஆள் வர்றதில்ல"ன்னு வருத்தப்பட்டாரு. அவர் வருத்தம் நியாயம். ஆனா காரணம்...? அதுக்கு ஒரு குட்டிக் கதை வெச்சிருக்கேன். நாடகக்காரங்க கூடியிருக்கிற சங்கத்துல நாடகக்காரங்க கதையைத்தானே சொல்லணும்!

திருச்சியில திலகவதி, குணசீலன்னு ஒரு தம்பதி. அந்தம்மா மெட்டுப் போடுவாங்க, அவர் பாட்டு எழுதுவாரு. ரெண்டு பேரும் வேலை பார்த்துக்கிட்டே சொந்தமா ஒரு நாடகக் குழு நடத்தினாங்க. ரொம்பப் பாடுபட்டு ஒரு புது இசை நாடகம் போட்டாங்க. பேரு 'வானக்கூடு'. மேடையில புகை வருது, நிலா இறங்குது, தரை சுத்துது! பாட்டெல்லாம் தேன். ஆனா ஹால்ல...? முன் வரிசையில சொந்தக்காரங்க. அவங்களுக்குப் பின்னாடி நாற்காலிங்க. வெறும் நாற்காலிங்க!

அதே வாரம், ஊரோட இன்னொரு பக்கத்துல வேற ஒரு குழு புது பாட்டு நாடகம் போடுறாங்க. புகை இல்ல, நிலா இல்ல. ரெண்டு பெஞ்சு, ஒரு வாழை மரம். அங்க வாசல்ல 'ஹவுஸ்ஃபுல்' போர்டு! எப்படி இருக்கும் இவங்களுக்கு? வயிறு எரியுமா, எரியாதா?

திலகவதி சொன்னாங்க, "என்னங்க, அப்படி என்னதான் வெச்சிருக்கான்னு நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

"போ, போ. நாலு குத்துப்பாட்டு இருக்கும். வேற என்ன?"

போனாங்க. குறை கண்டுபிடிக்கணும்னே போனாங்க. அங்க மேடையில என்னன்னா, ஒரே கல்யாண மண்டபத்தை, ஒரே முகூர்த்தத்துக்கு, ரெண்டு வீட்டுக்காரங்களுக்குக் கொடுத்துட்டான் மேனேஜர். அதுதான் கதை! ரெண்டு மாப்பிள்ளை, ரெண்டு பந்தி, ரெண்டு செட்டு நாதஸ்வரம்... யாருக்கு மணவறை? ஹாலே குலுங்குது. திலகவதியும் தன்னை மறந்து சிரிக்கிறாங்க!

இடைவேளையில பக்கத்து சீட்டு அம்மா, ஸ்டெல்லான்னு பேரு, பப்ஸைப் பிட்டுக்கிட்டே சொல்றாங்க, "நான் ரெண்டாவது தடவை வர்றேங்க. நாத்தனாரைக் கூட்டிட்டு வந்தேன். மண்டபம் கதையை மட்டும்தான் சொன்னேன், அப்புறம் என்ன ஆச்சு, அப்புறம் என்ன ஆச்சுன்னு உயிரை எடுத்துட்டாங்க."

திலகவதிக்கு வாய் சும்மா இருக்குமா? "நாங்களும் ஒரு நாடகம் போடுறோங்க."

"அட! என்ன கதை?"

"அது வந்து... ஒரு தேடல்ங்க... மனுஷ மனசுக்குள்ள இருக்கிற வானம்... அந்த வானத்துல ஒரு கூடு..."

ஸ்டெல்லா மரியாதையான அம்மா. தலையை ஆட்டினாங்க. "ஓ... நல்லா இருக்கும்போல." சொல்லிட்டு... மறுபடி பப்ஸைப் பார்த்துட்டாங்க!

அந்தப் பக்கம் திரும்பினதுதான் இருக்கே... பத்திரிகைக்காரன் திட்டி எழுதியிருந்தாக்கூட அவ்வளவு வலிச்சிருக்காது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாங்க, "என்னங்க, நம்ம நாடகம் என்ன கதை?"

"என்ன திலகா, உனக்குத் தெரியாதா?"

"தெரியாத ஆளுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

அவர் சொல்ல ஆரம்பிச்சாரு... காபி ஆறிப்போச்சு, கதை முடியல. "இப்ப என்னங்கிற? என் பாட்டெல்லாம் குப்பைங்கிறியா?"ன்னு கோபம் வந்துருச்சு.

"குப்பை இல்லங்க. புகைக்குள்ள ஒரு நல்ல கதை மாட்டிக்கிட்டு நிக்குது. அந்த ஸ்டேஷன் அப்பா... அவர் வர்றப்ப மட்டும் ஹால்ல ஒரு இருமல்கூட கேட்கல, கவனிச்சீங்களா?"

அது என்னன்னா, நாடகத்து நடுவுல ஒரு சின்னக் காட்சி. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்ட மகளோட ஒரு அப்பா பேசுறதில்ல. மகளுக்கு ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்ற வேலை. அந்த மனுஷன் தினம் சாயங்காலம் பிளாட்பாரத்துல வந்து உட்காருவாரு. எந்த ரயிலுக்கும் இல்ல... "பயணிகளின் கனிவான கவனத்திற்கு"ன்னு வருமே, அந்தக் குரலுக்காக!

பார்த்தீங்களா... நீங்களே அமைதியாயிட்டீங்க! அவர் பேசுவாரா, மாட்டாரான்னு உங்களுக்கு இப்பத் தெரிஞ்சாகணும். இல்லையா?

குணசீலன் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தாரு. ஆசை ஆசையா எழுதின பாட்டை வெட்டுறதுன்னா சும்மாவா? அப்புறம் அவரே வந்து உட்கார்ந்தாரு. "சரி, மகளுக்கு முதல் பாட்டு எங்க வரணும், சொல்லு"ன்னாரு. நிலா போச்சு, புகை போச்சு. அப்பாவும் மகளும் மட்டும் நின்னாங்க. பேச முடியாத இடத்துல பாடினாங்க.

மறுநாளே கூட்டம் அள்ளிருச்சுன்னு சொன்னா அது பொய். முதல் ஆட்டத்துக்கு அதே சொந்தக்காரங்கதான். அடுத்ததுக்கு அவங்க பக்கத்து வீட்டுக்காரங்க வந்தாங்க. அப்புறம், யாருன்னே தெரியாத முகங்க வர ஆரம்பிச்சுது. ஒருநாள் ஆட்டம் முடிஞ்சு, ஒரு பெரியவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டே கவுன்டருக்கு வர்றாரு. "ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு டிக்கெட் கொடும்மா. என் பொண்ணு ஓசூர்லேர்ந்து வருது."

கவுன்டர்ல திலகவதிதான். "நீங்கதான் இப்பப் பார்த்துட்டீங்களே சார்? பொண்ணுக்கு மட்டும் ஒண்ணு போதாதா?"

அவர் சொன்னாரு... "நான் பார்த்துட்டேம்மா. நாங்க பார்க்கலையே!"

தோழர்களே... இந்த 'நாங்க' இருக்கு பாருங்க, அதுதான் டிக்கெட் விக்குது! போஸ்டர் ஒருத்தரை ஒரு தடவை கூட்டிட்டு வரும். அவர் வீட்டுக்குப் போய், சோறு போடுறவங்ககிட்ட உங்க கதையை ஒரே மூச்சுல சொல்ல முடியணும். சொன்னவருக்கு, அவங்க பக்கத்துல உட்கார்ந்து இன்னொரு தடவை பார்க்க ஆசை வரணும். நம்ம ஜனங்க ரசனைக்கு ஒண்ணும் ஆகலீங்க. "என்ன கதை?"ன்னு அவங்க இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. பதில் சொல்ல வேண்டியது... நாமதான்!