கோல்பியிடம் யாரும் பேசவில்லை

உங்கள் விசாரணை அறையில் ஏசி நன்றாக வேலை செய்கிறது. மேற்கு டெக்சஸில், மே மாதத்தில், எங்கள் அணி உட்காரும் கொட்டகையில் ஒரு மின்விசிறிகூடக் கிடையாது. கல்லூரிக்குப் புது ஸ்கோர்போர்டுதான் முக்கியமாகப் பட்டது.

பேஸ்பால் பார்த்ததில்லை என்றீர்கள். நான் கேட்சர். முகமூடி போட்டுக் குந்தியிருந்து, என்ன பந்து போடுவது என்று, பந்தை எறிகிற பிட்சருக்கு விரலால் சைகை காட்டுபவன். பிடிக்காவிட்டால் அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டுவான். எங்கள் பிட்சர் கோல்பி, முதல் வருடப் பையன். சீசன் முழுக்க என் சைகைகளுக்குத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அது போதாதென்று எல்லார் முன்னாலும், "பெருசு, நீ விரலை மடக்கி வச்சுக்க. பாவம், முட்டி வேற வலிக்கும்" என்பான். கோச் ஹஸ்கின்ஸும் சேர்ந்து சிரிப்பார்.

அவனால்தான் ஜெயித்தோம், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கூட்டத்தின் அறிவையும் சொல்ல வேண்டும். ஜெயிக்கத் தொடங்கியதிலிருந்து ஒருவனும் காலுறையைத் துவைக்கவில்லை. துவைத்தால் ராசி போய்விடுமாம். வேதியியல் படிக்கிறவன்கள் இவர்கள். இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. எதிரணியில் ஒருவனும் பந்தை அடித்து முதல் பேஸுக்குக்கூட ஓடிச் சேர முடியாதபடி பிட்சர் ஆடிக்கொண்டிருந்தால், ஆட்டம் முடியும்வரை அவனிடம் யாரும் பேசக் கூடாது, பக்கத்தில் உட்காரக் கூடாது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை.

இறுதி ஆட்டத்தில் கோல்பி அப்படித்தான் ஆடினான். மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவது முடிந்து பெஞ்சின் கோடியில் தனியாக உட்கார்ந்தான். முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை. அந்த வெயிலில் வியர்வை நின்றுபோனால் அது உயிரையே எடுக்கும் வெப்பத்தாக்கு என்று வருடா வருடம் வகுப்பெடுக்கிறார்கள். தண்ணீர் பாட்டிலைத் திறக்கத் தெரியாமல் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். மற்ற மேதாவிகள் குனிந்து தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலுதவி பார்க்கும் மரிசெலா மட்டும் ஐஸில் நனைத்த துண்டோடு எழுந்து என் பக்கம் திரும்பினாள்.

"அவன் முகமே சரியில்லையே, வேட்."

"ஆட்டம் எப்படிப் போகுதுன்னு தெரியுதுல்ல? இப்பப் போய்ப் பேசினா கோச் உன்னைச் சும்மா விடுவாரா?"

"பேசலப்பா. துண்டை மட்டும் போட்டுட்டு வந்துடறேன்."

"மைதானத்துல நான்தானே அவன் மூஞ்சியப் பார்த்துட்டு இருக்கேன். நல்லாத்தான் இருக்கான். உட்காரு."

உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள், என்னை நம்பியதுதான் அவள் செய்த தப்பு.

கடைசி இன்னிங்ஸில் அவன் கால்கள் பின்னின. நான் கையைத் தூக்கியிருந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தியிருப்பார். நான் தூக்கவில்லை. கடைசி ஆளும் அவுட்டானதும் மொத்த அணியும் ஓடிப்போய், வழக்கம்போல் அவன் மேல் குவியலாக விழுந்து கொண்டாடியது. எல்லாரும் எழுந்தார்கள். அவன் எழவில்லை.

ஆமாம், தெரிந்தேதான் விட்டேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி இன்னிங்ஸில் கோல்பி என் சைகை ஒன்றுக்குக்கூடத் தலையை ஆட்டவில்லை. காட்டியதை அப்படியே போட்டான். போகிற நேரத்திலாவது பையனுக்கு என் மேல் மரியாதை வந்ததே.